கன்னுக்குட்டிக் கூடையும் கூரைமேல் விழுந்த லைக்குகளும்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை மடக்கிக்கொண்டால் பின்னால் நிற்கிற ரெண்டு பேருக்கும் இடம் கிடைக்கும். கையில் போன் இருந்தால் இருக்கட்டும், அணைக்கச் சொல்லவில்லை, இந்தக் கதையே போனுக்குள்ளே இருந்துதான் புறப்பட்டு வருகிறது. காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்துவிடுங்கள், அது போதும்.

சாத்தூருக்குக் கிழக்கே, பஸ் நின்றால் நிற்கும் போனால் போகும் என்கிற மாதிரி ஓர் ஊர், கரிசல்மேடு. அந்த ஊரின் கீழத்தெருவில் முப்பத்திரண்டு வீடு. முப்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போவார்கள், சாயங்காலம் வந்து அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வயர்க்கூடை பின்னுவார்கள். கடையில் கட்டுக் கட்டாக விற்கிற அதே பிளாஸ்டிக் வயர்தான். ஆனால் அந்தத் தெருக் கூடையில் அரிசி போகும், கோழி போகும், பள்ளிக்கூடத்துச் சோறு போகும், கல்யாணத்துக்குத் தேங்காய் பழம் போகும், ஆஸ்பத்திரிக்கு வெந்நீர்ப் பிளாஸ்க் போகும், பிறந்த பிள்ளைக்குத் துணிமணி போகும். அந்த வட்டாரத்தில் ஒரு மனுஷன் கண்ணைத் திறந்த நாளிலிருந்து அவனுக்கு வேண்டியதெல்லாம் கீழத்தெருக் கூடையில்தான் வந்து இறங்கும். அங்கே கூடை பின்னத் தெரியாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்று அர்த்தம்.

அந்தத் தெருவில் சீனித்தாய் என்று ஒருத்தி. நாற்பது வயது, ஒல்லி உடம்பு, சோற்றை விழுங்குவதற்குள் நாலு பேச்சுப் பேசிவிடுகிற வாய். அவள் பின்னுகிற கூடைக்குக் கன்னுக்குட்டிக் கூடை என்று பேர். எந்த வயர்க்கூடையும் உள்ளே இருக்கிற சாமானை எடுத்துவிட்டால் சோர்ந்துபோய் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீனித்தாய் கூடை படுக்காது. அடியில் நாலு மூலையிலும் நாலு சின்னக் கால் வைத்து, வெறும் கூடையாக இருந்தாலும், அப்போதுதான் பிறந்த கன்னுக்குட்டி மாதிரி காலைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டு நிற்கும். கிளிப்பச்சை உடம்பு, தக்காளிச் சிவப்பில் வாய் விளிம்பு, நடுவில் அலை அலையாக ஒரு வெள்ளை ஓட்டம்.

இப்படி ஒரு கூடையைப் பின்னுகிறவளுக்குப் பேர் என்ன என்று ஊருக்கு வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் அவள் கருத்தப்பாண்டி மனைவி. ஆபீஸ் டோக்கனில் நூற்றிப் பதினேழு. மகளிர் குழுவில் கீழத்தெரு இரண்டாவது குழு. ஒரே ஒரு தடவை, முன்னப்பின்ன தெரியாத ஒரு வாய், இந்தக் கூடை சீனித்தாய் பின்னினது என்று சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்பது அவளுக்கு உள்ளுக்குள் கிடந்த ஆசை. சாமியிடம் வேறெதையும் அவள் கேட்டதில்லை என்றால் அது பொய். மழை கேட்டாள், மகளுக்குக் காலேஜில் சீட்டுக் கேட்டாள். ஆனால் இதையும் கேட்டாள்.

ஜெனிலா என்று ஒரு பெண், நாகர்கோவில்காரி, சென்னையில் ஒரு பத்திரிகையில் வேலை. தாளே இல்லாத பத்திரிகை அது, போனுக்குள்ளேயே வரும், போனுக்குள்ளேயே படிக்க வேண்டும். கையால் செய்கிற சாமான் எங்கே எது இருந்தாலும் போய்ப் பார்த்துப் படம் பிடித்துப் போடுவார்கள். அந்தப் பெண் ஊருக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர் ஒரு பிரேக்குப் போட்டிருக்கிறார். பை, மூட்டை, சூட்கேஸ், நின்றுகொண்டிருந்த கண்டக்டர் எல்லாமே முன்னால் சரிந்து போக, ரெண்டு கோழி உட்கார்ந்திருந்த ஒரு பச்சைக் கூடை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஜெனிலா கோழிக்காரியைக் கேட்டாள், கோழிக்காரி கரிசல்மேடு என்றாள், ஜெனிலா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

வந்தவள் சீனித்தாய் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முழு சாயங்காலம் அவள் விரலையே போனில் பிடித்தாள். புறப்படும்போது ஒரு நோட்டை எடுத்து, "அக்கா, உங்க பேரு சொல்லுங்க, போடணும்" என்றாள்.

இங்கேதான் சீனித்தாய் ஒரு தப்புப் பண்ணினாள், கீழத்தெருக்காரி மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. நோட்டோடு வந்து பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களால் அந்தத் தெருவுக்கு ஒரு காலத்திலும் நல்லது நடந்ததில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் பேரெழுதிப் போனால் ஒரு கார்டு ரத்தாகும், இல்லையென்றால் ஒரு விசாரணை வரும். அதனால் நோட்டைக் கண்டதும் வாய் தானாக மூடிக்கொள்கிற பழக்கம் அவர்களுக்கு. கேட்டுக் கேட்டுக் காத்திருந்த கேள்வி கடைசியில் வாசலுக்கே வந்து நிற்கிறபோது சீனித்தாய் சொன்னாள், "பேரெல்லாம் எதுக்குத் தாயி, ஊர் பேரைப் போட்டுக்கோ."

ஜெனிலாவும் ஊர் பேரைப் போட்டாள்.

மறுநாள் காலையில் சீனித்தாய் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், வாசல் பூராவும் சிவப்பாகக் கிடக்கிறது. புளியங்கொட்டை அளவில், இலவம்பஞ்சு கனத்தில், இதயப் படம் போட்ட மாதிரி வளைவும் கூருமாக, தொட்டால் வெதுவெதுவென்று, புது வயர் வாசனையோடு. கூரையில் கிடந்தது, துளசிச் செடியில் கிடந்தது, கட்டிப்போட்டிருந்த ஆட்டின் முதுகில் கிடந்தது. சீனித்தாய் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து கூட்ட ஆரம்பித்தாள். கூட்டினால்தானே தெளிக்க முடியும்.

கூட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஜெனிலா. "அக்கா, வீடியோ ராத்திரிக்குள்ள நாலாயிரம் லைக்கு போயிருச்சு. இதோ பாருங்க, இப்பக்கூட ஒண்ணு."

டப்பென்று ஒன்று சீனித்தாயின் மூக்குமேல் விழுந்தது.

"இன்னொண்ணு," என்றாள் ஜெனிலா. கழுத்தில் விழுந்தது.

"சரி தாயி," என்றாள் சீனித்தாய், "இங்க வந்து சேந்துருச்சு."

அன்றிலிருந்து அந்தத் தெருவில் லைக்கு விழுவது மழை விழுகிற மாதிரி ஒரு சங்கதியாகிப் போனது. காயப்போட்ட வத்தலை எடுக்க ஓடுவார்கள், லைக்கு விழுகிறது என்றால் எடுக்க வேண்டாம், அது நனைக்காது என்று திரும்பி வருவார்கள். ஆடு தின்று பார்த்தது, வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒருத்தி ஊறுகாய் போட்டுப் பார்த்தாள், உப்புப் பிடிக்கவில்லை. ஒருத்தி தலையணைக்குள் அடைத்தாள். அதில் தலை வைத்துப் படுத்த அவள் வீட்டுக்காரன், காலையில் எழுந்து, யாரோ முகம் தெரியாத ஆட்களெல்லாம் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று காதில் சொன்னதாகச் சொல்லி, கூச்சப்பட்டுக்கொண்டு, நாலு நாள் ஒயின்ஷாப் பக்கம் போகவில்லை. அந்த வாரமே தெருவில் எல்லாத் தலையணையும் சிவந்துவிட்டது.

பிரச்சினை வந்தது குப்பை வண்டிக்காரர் அந்தோணிக்குத்தான். மூணு நாள் கிடந்த லைக்கு நிறம் வெளுத்துப்போகும், அதைக் கூட்டிக் கொண்டுவந்து பெண்கள் வண்டியில் கொட்ட, இதைப் பச்சைத் தொட்டியில் போடுவதா நீலத் தொட்டியில் போடுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"மக்குற குப்பையா மக்காத குப்பையான்னு சொல்லுங்கம்மா, நான் கொண்டுக்கிட்டுப் போறேன்," என்றார்.

"ஆளு மனசுல இருந்து வர்றது அண்ணாச்சி, மக்கத்தானே செய்யும்."

"போன்ல இருந்து வர்றது, பிளாஸ்டிக்கு மாதிரியில்ல மணக்கு?"

பஞ்சாயத்துத் தலைவர் சௌந்தரம் அக்கா கூட்டம் போட்டு, மூணு மணி நேரம் பேசி, லைக்கு மக்கும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதின பிற்பாடுதான் அது மக்கவும் ஆரம்பித்தது.

இன்னொன்றும் ஊருக்குப் பிடிபட்டது. லைக்கு வீட்டைத் தேடி விழவில்லை, ஆளைத் தேடி விழுந்தது. சீனித்தாய் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தால் ஆபீஸ் தகரத்தில் விழும். அவள் பஸ்ஸில் போனால் பஸ் கூரையில் விழும். கண்ணாடியில் வந்து அப்பிக்கொள்கிறது என்று டிரைவர் அவளைக் கடைசி சீட்டில் உட்காரச் சொன்னார். ஜெனிலா மறுபடி வந்தபோது அவள் துப்பட்டாவிலும் நாலைந்து ஒட்டின. ஊருக்குக் காட்டினவளுக்கும் ஒரு பங்கு உண்டுபோல என்று தெரு அதை ஏற்றுக்கொண்டது. போனில் மட்டும் அது படமாக விழவில்லை. பிடித்துப் பார்த்தால் வெறும் வாசலும், விளக்குமாறும், எதையோ கூட்டுகிற மாதிரி குனிந்து நிற்கிற சீனித்தாயும்தான் தெரிந்தார்கள்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்று சீனித்தாய்க்குச் சரியில்லை. விழுகிற லைக்கில் நாலில் ஒன்று அவள் வீட்டில் விழவில்லை. பனைமட்டை வேலிக்கு அந்தப் பக்கம், மாடத்தி வீட்டில் விழுந்தது.

மாடத்தி சீனித்தாயின் ஓரகத்தி, கருத்தப்பாண்டியின் அண்ணன் பெண்டாட்டி. புருஷன் இல்லை, அதிகம் பேச்சும் இல்லை. ரெண்டு பேரும் ஒரே வாசலில், ஒரே வயர்க் கட்டில் ஆளுக்கொரு நுனியை இழுத்துப் பின்னினவர்கள்தான். அடி முடிந்து பக்கம் ஏறுகிற மூலையில், வயரை ரெண்டாக மடக்கி, அடிமுடிச்சுக்குள் விட்டு, திரும்ப அதே வழியில் இழுத்து, ஒரு சின்னக் காலாக நிறுத்துகிற வித்தை மாடத்தியின் விரலில் பிறந்தது. நிறம் சேர்த்தது, வெள்ளை ஓட்டம் விட்டது, கைப்பிடியை வளைத்தது, கன்னுக்குட்டி என்று பேர் வைத்தது எல்லாம் சீனித்தாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழாவில் கூடையைப் பார்த்து அசந்துபோன ஒரு வெளியூர் ஆள், இந்தக் காலை யாரம்மா கண்டுபிடித்தது என்று கேட்க, சீனித்தாய் யோசிக்காமல், "எல்லாம் என் கைதான்" என்றாள். பின்னால் பொரிகடலைப் பொட்டலத்தோடு மாடத்தி நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் பனைமட்டை வெட்டிக்கொண்டு வந்து நடுவில் வேலி கட்டினாள். அதற்குப் பிறகு அவள் கூடையே பின்னவில்லை, வேலைக்குப் போவாள், வருவாள், அவ்வளவுதான்.

"காத்து கிழக்க அடிக்கு, அதான் அங்க போவுது," என்றாள் சீனித்தாய் முதல் நாள்.

காற்று மேற்கே அடித்த நாளிலும் நாலில் ஒன்று வேலியைத் தாண்டித்தான் போனது. காற்றே இல்லாத நாளில், நேராக இறங்கி வந்த லைக்கு ஒன்று சீனித்தாயின் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் நின்று, யோசித்து, திரும்பி, வேலிக்குமேல் ஏறி அந்தப் பக்கம் போய் இறங்கியதைத் தெருவே பார்த்தது. மாடத்தி அந்தப் பக்கம் கூட்டுகிற சத்தம் மட்டும் சரக் சரக்கென்று கேட்கும். சீனித்தாய் அப்போது எதையாவது உரக்கப் பேசிக்கொண்டிருப்பாள்.

இப்படி ஒரு மாசம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை, வழக்கமாகச் சாரல் மாதிரி விழுகிற லைக்கு, அடைமழையாகக் கொட்ட ஆரம்பித்தது. ஆபீஸில் பக்கத்து ஆள் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் மேல்கூரைத் தகடு முனகியது, கருத்தப்பாண்டி ஏணி வைத்து ஏறி மண்வெட்டியால் தள்ளினான். சீனித்தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. ஜெனிலாவைக் கூப்பிட்டாள். "என்ன தாயி, இந்தப் போடு போடுது?"

ஜெனிலா குரல் செத்துக் கிடந்தது. "அக்கா, அது நான் போட்டதுக்கு இல்ல. கோயம்புத்தூர்ல ஹேமலதான்னு ஒரு மேடம், பெரிய கைவினைக் கடை வச்சிருக்காங்க, அவங்களைப் பாக்கவே ஆறேழு லட்சம் பேரு போன்ல இருக்காங்க. உங்க கூடையைப் படம் எடுத்து, எங்க கடையோட சொந்த வடிவமைப்புன்னு போட்டிருக்காங்க. ரெண்டு லட்சம் லைக்கு."

"ரெண்டு லட்சமும் இங்கதான் விழுந்துக்கிட்டிருக்கு."

"ஆமாக்கா. ஆனா பேரு அவங்க பேரு."

"எம்பேரு?"

"நீங்கதானேக்கா வேண்டாம்னீங்க."

சீனித்தாய் போனை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் வந்து தேற்றினார்கள். "அவ பேர்ல போட்டா என்னடி, விழுறது உன் கூரையிலதானே," என்றாள் ஒருத்தி. "அவ வீட்டுல ஒரு பொட்டு விழுந்திருக்காது, கொசுதான் விழுந்திருக்கும்," என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். சீனித்தாய் சிரிக்கவில்லை. ரெண்டு லட்சம் பேர் ஒரு கூடையைப் பார்த்து நெஞ்சைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒருத்தருக்கும் அவள் பேர் தெரியாது. தகடு முனகுகிற அளவுக்குச் சொத்து விழுந்து கிடக்க, அதை இன்னாருடையது என்று வெளியே சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள் அவள்.

வியாழக்கிழமை தலைவர் சௌந்தரம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஹேமலதா மேடமே கீழத்தெருவுக்கு வருகிறார், அவருக்காகப் பின்னுகிற பெண்கள் என்று தெருவை லைவில் காட்டப்போகிறார், தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் வருஷம் முழுக்க வேலை தருகிறாராம், ஜெனிலா பத்திரிகையும் அதைக் காட்டுகிறது.

"உன் வாயி எனக்குத் தெரியும் சீனி. முப்பத்திரண்டு வீட்டுக்கும் வேலை வருது. அந்தம்மாவை ஒரு சொல்லு மரியாதைக் குறைவாப் பேசிராத."

"பேசமாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"அவுக என்ன சொன்னாலும் சரிங்கம்மாதான் சொல்வேன். போதுமா?"

சௌந்தரம் நிம்மதியாகப் போனார். சீனித்தாயை அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. ஹேமலதா கெட்ட ஆள் மாதிரி இல்லை, முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கைத்தறிச் சேலை, பெரிய வெள்ளி மோதிரம், யாரைப் பார்த்தாலும் கும்பிடு. கொடுத்த மோரை வாங்கிக் குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தார். நல்ல சாமானைப் பொறுக்கி எடுத்து நாலு பேருக்குக் காட்டுகிறவரே அதைச் செய்தவரும் ஆகிறார் என்று அவர் நிஜமாகவே நினைத்திருந்தார். அதை யாரும் அதுவரைக்கும் அவரிடம் மறுத்துச் சொன்னதில்லை.

ஜெனிலா மூணுகால் ஸ்டாண்டில் போனை மாட்டி லைவை ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் போனுக்குள் நெஞ்சு நெஞ்சாகக் கீழேயிருந்து மேலே பறந்தது, போனுக்கு வெளியே மேலேயிருந்து கீழே விழுந்தது. ஹேமலதா அண்ணாந்து பார்த்தார்.

"இங்க இது எப்பவும் விழுமா?"

"பழகிரும்மா," என்றார்கள்.

அவர் வாசலுக்கு நடுவில்தான் நின்றார். குடையில் பட்ட மழை மாதிரி லைக்கெல்லாம் அவர் தலைக்குமேலே வந்து விலகி விலகி விழுந்தது. ஓர் அடி நகர்ந்து நின்று பார்த்தார். அங்கேயும் விலகியது. ஆனால் போனுக்குள் இருந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேருக்கு அது எங்கே தெரியும், அவர்களுக்குத் தெரிந்தது கைத்தறிச் சேலையும் கையில் பச்சைக் கூடையும் சிரிப்பும்தான்.

"இது நான் வடிவமைச்ச கூடை," என்று ஆரம்பித்தார் ஹேமலதா. "நான் யோசிச்சுக் கொடுக்கிறதை இந்தத் தெருப் பெண்கள் தங்கள் கையால..."

"சரிங்கம்மா," என்றாள் சீனித்தாய்.

ஹேமலதா திரும்பிப் பார்த்தார். அவள் அடி முடித்த கூடை ஒன்றை மடியில் வைத்து, வயரெல்லாம் நாலு பக்கமும் தொங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, மூலைக்கு வந்துட்டேன். நீங்க யோசிச்ச மூலையாச்சே, எப்படித் திருப்பணும்னு சொன்னீங்கன்னா அப்படியே திருப்பிருவேன்."

"எனக்குப் பின்ன வராதும்மா. நான் வரையத்தான் செய்வேன்."

"அதுபோதும்மா. வரைஞ்சு காட்டுங்க. நாங்க படிக்காதவங்க, படம் இருந்தா சுலபமா இருக்கும்." சாக்குக்கட்டி கூடத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். சிமெண்டுத் தரையைத் துடைத்தும் வைத்திருந்தாள்.

சௌந்தரம் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பார்வை பார்த்தார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் கூட இல்லை, அவர் எதைப் பிடித்துக் கண்டிப்பார்.

ஹேமலதா சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வரைந்தார். கை நல்ல கைதான், கோடு சுத்தமாக விழுந்தது. வெளியே தெரிகிற காலை அச்சாக வரைந்தார். உள்ளே வயர் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்கிற இடத்தில் சாக்குக்கட்டி ஒரு நிமிஷம் நின்றது; பிறகு, மற்ற கூடையில் எல்லாம் போகிற மாதிரி, ஒரு வளைவைப் போட்டு முடித்தார்.

"சரிங்கம்மா," என்றாள் சீனித்தாய். படத்தைப் பார்ப்பாள், ஒரு முடிச்சுப் போடுவாள். படத்தைப் பார்ப்பாள், ஒரு முடிச்சுப் போடுவாள். நாலு மூலையையும் படத்தில் இருந்தபடி ஒரு நூல் பிசகாமல் திருப்பி, பக்கத்தை ரெண்டு வரிசை ஏற்றி, தரையில் வைத்து, உள்ளே அஞ்சு கிலோ அரிசிப் பையை இறக்கினாள். கூடை ஒரு பெருமூச்சு விட்டு, நாலு காலையும் பரப்பிக்கொண்டு, அப்படியே படுத்துவிட்டது.

தெருப் பெண்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"நான் தப்பாப் பின்னிட்டேனாம்மா?" என்று கேட்டாள் சீனித்தாய். "படத்தோட வச்சுப் பாத்துச் சொல்லுங்க. தப்புன்னா அவுத்துட்டு மறுபடி போட்டிருதேன்."

ஹேமலதா குனிந்து படத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், முடிச்சு முடிச்சாகத் தொட்டு எண்ணிப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால், இவள்தான் கெடுத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம், போனுக்குள் இருந்தவர்கள் நம்பவும் நம்பியிருப்பார்கள். ஆனால் நிமிர்ந்து, போனைப் பார்த்துச் சொன்னார், "இல்ல. நான் வரைஞ்சபடிதான் இருக்கு. இந்தக் கூடை என் யோசனை இல்லைங்க. ஒரு சந்தையில வாங்கினது. இதைச் செஞ்சவங்க இங்க இருக்காங்க, அவங்க பேரு கூட நான் கேட்கல."

லைக்கு ஒன்று மெல்ல இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தது. முதல் தடவையாக ஒன்று. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

ஜெனிலா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து சீனித்தாய்க்கு நேராக வைத்தாள். போனுக்குள் எழுத்தெழுத்தாக ஓடியது. ஜெனிலா வாசித்தாள். "யார் செஞ்சதுன்னு கேட்கிறாங்கக்கா. ஆயிரம் பேரு கேட்கிறாங்க. இப்பவாவது பேரைச் சொல்லுங்க."

"சீனித்தாய்," என்றாள் அவள்.

"சத்தமாக்கா."

"சீனித்தாய். கரிசல்மேடு கீழத்தெரு சீனித்தாய்."

பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு விழுந்தது மாதிரி அதற்கு முன்னும் விழவில்லை, பின்னும் விழவில்லை. அவள் தலை, தோள், மடி, மடியில் கிடந்த வயர், எல்லாம் சிவந்து போனது. கூடி நின்ற முப்பது வீட்டுப் பெண்களும், ஏதோ தங்கள் ஒவ்வொருத்தியின் பேரையும் சொல்லிவிட்ட மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். தலைவர் சௌந்தரம் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போனில் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து வந்தார்.

அப்போதும் நாலில் ஒன்று வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தது. டப் டப்பென்று அந்தப் பக்கத்து ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. சரக் சரக்கென்று மாடத்தி கூட்டுகிற சத்தமும் கேட்டது.

"காலை எப்படி நிறுத்துறீங்க, அதைக் காட்டச் சொல்றாங்கக்கா," என்றாள் ஜெனிலா.

போனுக்குள் இருக்கிற ஒருத்தருக்கும் வேலியும் தெரியாது, ஓடும் தெரியாது. ரெண்டே நிமிஷ வேலை. அந்த மூலையை மூன்று வருஷமாக ஆயிரம் தடவை திருப்பிய விரல் அவளுடையது. தெருவில் அத்தனை பேரும் சீனித்தாயின் கையையே பார்த்தார்கள். அவள் படுத்துக் கிடந்த கூடையை எடுத்தாள், மூலை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள், வயரை நீவி நேராக்கினாள். பிறகு எழுந்து, மடியில் இருந்த லைக்கெல்லாம் கொட்ட, வேலிப் பக்கம் போனாள்.

"அக்கா," என்றாள்.

அந்தப் பக்கம் கூட்டுகிற சத்தம் நின்றது.

"மாடத்தியக்கா. மூலைக்கு வந்துட்டேன்."

"மூணு வருசமாவா வந்துக்கிட்டிருக்க?" என்றது வேலிக்கு அந்தப் பக்கம்.

"ஆமா. தூரமாப் போயிருச்சு."

"எல்லாம் உன் கைதானே. நீயே திருப்பு."

"என் கை இல்லக்கா. அன்னைக்குச் சொன்னது பொய்யி. ஒரு லட்சம் பேரு கேட்டுக்கிட்டிருக்காக, அவுக கேட்கவே சொல்லுதேன்."

பனைமட்டை ரெண்டு அசைந்தது, கட்டியிருந்த கயிறு அறுந்தது, மாடத்தி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே, தலையெல்லாம் சிவப்பாக, நுழைந்து வந்தாள். போனையும் பார்க்கவில்லை, கார்க்கார அம்மாவையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கூடையை வாங்கித் தொடைக்கு இடையில் வைத்து, வயரை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, "இவ்வளவு தளர்வா அடி போட்டிருக்கியே, உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா" என்று கேட்டாள். தெரு பூராவும் சிரித்தது. மாடத்தி சிரிக்காமல் வயரை ரெண்டாக மடக்கினாள்.

சீனித்தாய் ஸ்டாண்டின் கழுத்தைப் பிடித்து, தன் முகத்துக்கு நேராக இருந்த போனை, அசையாமல், மெல்லக் கீழே திருப்பி, மாடத்தியின் விரலுக்கு நேராக வைத்தாள்.